பழைய டேப்லெட்டிலும் பழைய ஹெட்போனிலும் ஸ்பேஷியல் ஆடியோவை முயன்று பார்க்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். உங்களிடம் ஏழெட்டு வருடப் பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்று இருக்கிறது. கூடவே ஒயர் ஹெட்போன் ஒன்றும், அதே வயதுள்ள புளூடூத் ஹெட்போன் ஒன்றும். எல்லோரும் பேசும் ஸ்பேஷியல் ஆடியோவை, அதாவது ஹெட்போனிலும் ஒலி நம்மைச் சுற்றியுள்ள இடங்களிலிருந்து வருவதாகத் தோன்றவைக்கும் முறையை, இவற்றிலேயே கேட்க முடியுமா, எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால்தான் உண்டா என்கிறீர்கள். '8டி' என்று போட்டிருந்த பாட்டில் குரல் தலையைச் சுற்றி ஓடியது, அதுதானா இது என்றும் கேட்கிறீர்கள். இன்னொரு பதிவில் முன்னால் நின்று பேசுகிறவரின் குரல் பின்மண்டையிலிருந்தே வந்தது, கோளாறு ஹெட்போனிலா காதிலா என்பது கடைசிக் கேள்வி. இந்த அனுபவத்தில் கருவியின் பங்கு எது, காதின் பங்கு எது என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள நினைக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஹெட்போனில் கேட்பவர்களுக்காக ஒலிக்கலவை செய்வது பல வருடமாக என் வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுருக்கமான விடை: முடியும். உங்கள் டேப்லெட்டும் ஒயர் ஹெட்போனுமே இதில் பெரும்பகுதியைத் தந்துவிடும். தலையைத் திருப்பினாலும் ஒலி இருந்த இடத்திலேயே நிற்கும் அந்த ஒரு வசதிதான் கிடைக்காது. காரணம் புரிந்தால், எதை முயல்வது, எதற்குச் செலவு செய்ய வேண்டாம் என்பது தெளிவாகிவிடும்.

ஒலி எங்கிருந்து வருகிறது என்று மூளை கண்டுபிடிப்பது இரண்டு செவிப்பறைகளை எட்டும் அதிர்வுகளை வைத்துத்தான். வலப்பக்கம் ஒரு சத்தம் எழுந்தால் அது வலது காதை முதலில் அடைகிறது. இடது காதுக்குத் தலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சத்தம் நேர் பக்கவாட்டில் இருக்கும்போதுகூட இந்தத் தாமதம் 0.6, 0.7 மில்லிவினாடி அளவைத் தாண்டாது. அவ்வளவு சின்ன வித்தியாசத்தையும் மூளை பிடித்துவிடுகிறது. அதிர்வெண் கூடக்கூட இந்த நேரக் கணக்கு குழம்பத் தொடங்கும். ஏறத்தாழ 1500 ஹெர்ட்ஸுக்கு மேல், தலை மறைப்பதால் மறுபக்கக் காதில் சத்தம் குறைந்து விழுகிறதே, அதுவே முக்கியத் துப்பாகிறது. இயற்பியலாளர் ரேலி பிரபு 1907-இல் இந்த இரட்டை விளக்கத்தை முன்வைத்தார். இடம் வலம் பிரிப்பதற்கு இன்றும் அடிப்படை அதுதான்.

ஆனால் மூக்குக்கு நேர் முன்னால் ஒரு சத்தம், பிடரிக்கு நேர் பின்னால் ஒன்று, உச்சந்தலைக்கு மேலே ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றிலுமே இரண்டு காதுக்கும் இடையில் நேர வித்தியாசமும் இல்லை, அளவு வித்தியாசமும் இல்லை. இவற்றைப் பிரித்துக் காட்டுவது செவிமடல். அதன் மடிப்புகளிலும் குழிகளிலும் பட்டுத் திரும்பும் ஒலி, நேரே நுழையும் ஒலியோடு கலக்கிறது. அப்போது சுமார் 4, 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள பகுதியில் சில அதிர்வெண்கள் தூக்கலாகின்றன, சில அமுங்கிப் போகின்றன. எந்த இடத்தில் பள்ளம் விழுகிறது என்பது ஒலி வரும் கோணத்துக்கேற்ப மாறும். உங்கள் காது உண்டாக்கும் இந்த மேடுபள்ளங்களை உங்கள் மூளை சிறுவயதிலிருந்தே பழகி வைத்திருக்கிறது. என் காதில் அவை வேறு இடங்களில் இருக்கும். உங்கள் கடைசிக் கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

தலை, தோள், செவிமடல் மூன்றும் சேர்ந்து ஒவ்வொரு திசையின் ஒலியையும் எப்படி மாற்றுகின்றன என்பதை அளக்க முடியும். காதுத் துளையின் வாயில் மிகச்சிறிய மைக்கை வைத்து, சுற்றிலும் வெவ்வேறு இடங்களிலிருந்து ஸ்பீக்கரை ஒலிக்கவிட்டு அளப்பார்கள். கிடைக்கும் அளவீட்டுக்கு எச்.ஆர்.டி.எஃப் என்று பெயர். 1994-இல் எம்.ஐ.டி. மீடியா லேபில் கீமார் என்ற பொம்மைத் தலையில் 710 திசைகளுக்கு அளந்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். 2001-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம் 40-க்கும் மேற்பட்டவர்களின் காதுகளை அளந்த தொகுப்பைக் கொடுத்தது. ஓர் ஒலியை இந்த அளவீட்டின் வழியே வடிகட்டி, இடது வலது என இரண்டு சேனலாக ஹெட்போனில் விட்டால், அந்தத் திசையிலிருந்து வந்திருந்தால் செவிப்பறையில் எப்படி விழுந்திருக்குமோ கிட்டத்தட்ட அப்படியே விழும். இதைத்தான் பைனாரல் என்கிறோம். எந்த நிறுவனம் எந்தப் பெயரில் விற்றாலும், ஹெட்போனுக்குக் கடைசியில் வந்து சேர்வது இந்த இரண்டு சேனல்தான். ஸ்டீரியோ ஒலிக்கத் தெரிந்த எந்தப் பழைய கருவியும் இதை ஒலிக்கும்.

அப்படியானால் புதிய கருவிகள் கூடுதலாக என்ன செய்கின்றன? டால்பி அட்மாஸ் போன்ற வடிவங்களில் ஒவ்வொரு ஒலியும் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்ற குறிப்புகளோடு வருகிறது; அதைப் பிரித்தெடுப்பது முதல் வேலை. பிரித்ததை எச்.ஆர்.டி.எஃப் வழியே இரண்டு சேனலாக்குவது இரண்டாவது. ஹெட்போனுக்குள் இருக்கும் உணரிகள் தலையின் திருப்பத்தைச் சொல்லச் சொல்ல, அதற்கேற்ப ஒலியை மாற்றிக்கொண்டே இருப்பது மூன்றாவது. பழைய சிப்புக்கு இந்தக் கணக்கெல்லாம் தாங்காது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. போட்டுப் பாருங்கள்: வடிகட்டியின் நீளம் 512 மாதிரிகள் (ஒலி அலையை மிகச் சிறு இடைவெளிகளில் அளந்த ஒவ்வோர் எண்ணும் ஒரு மாதிரி), நொடிக்கு 48,000 மாதிரிகள், இரண்டு காது. ஓர் ஒலிமூலத்துக்கு நொடிக்குச் சுமார் 4.9 கோடிப் பெருக்கல். 7.1.4 அமைப்பின் (சுற்றிலும் ஏழு, பேஸுக்கு ஒன்று, மேலே நான்கு) 12 சேனலுக்கும் சேர்த்து ஏறத்தாழ 59 கோடி. இது எந்தக் குறுக்குவழியும் இல்லாமல் செய்தால் ஆகும் கணக்கு. ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்துக் கணக்கிடும் ஃபூரியர் முறையில் செய்தால் இதில் ஒரு சிறு பங்கு போதும். நான்கு கோர் உள்ள பழைய டேப்லெட்டுக்கும் இது பெரிய சுமை இல்லை.

தடை மென்பொருளில்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் இதற்கான பொது வசதி 2022-இல் 12எல் பதிப்போடுதான் நுழைந்தது. தலையசைவைப் பின்தொடரும் ஆதரவு அதே வருடம் 13-ஆம் பதிப்பில் சேர்ந்தது. அதிலும் டேப்லெட்டைத் தயாரித்தவர் அதை இயக்கி வைத்திருந்தால்தான் உண்டு. உங்கள் டேப்லெட்டுக்குக் கடைசியாக வந்த அப்டேட் இதற்குப் பல படி கீழேயே நின்றிருக்கும். செட்டிங்ஸில் எவ்வளவு தேடினாலும் அது கண்ணில் படாததற்குக் காரணம் இதுதான். ஐபேட் பக்கமும் இதே நிலைதான். ஏர்பாட்ஸ் ப்ரோவோடு தலையைப் பின்தொடரும் வசதி 2020 செப்டம்பரில் வந்தது. அடிப்படை ஐபேட் வரிசையில் ஆறாம் தலைமுறைக்கு முந்தையவை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் 2021 ஜூனில் ஆப்பிள் மியூசிக்கில் வந்த அட்மாஸ் பாட்டுகளுக்கு விதி தளர்வானது. டால்பி அட்மாஸ் அமைப்பை 'எப்போதும்' என்று மாற்றினால் எந்த ஹெட்போனிலும் அந்தக் கலவை கேட்கும். 2019-இல் தொடங்கிய சோனியின் 360 ரியாலிட்டி ஆடியோவும் குறிப்பிட்ட ஹெட்போன்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. ஆக, இந்தச் சேவைகளின் இன்றைய செயலியை உங்கள் டேப்லெட்டில் நிறுவ முடிகிறதா, அதில் இந்தக் கலவை கிடைக்கிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றாலும் வழி இருக்கிறது.

இரண்டாவது வேலையை முன்கூட்டியே முடித்துவிட்ட ஒலியை டேப்லெட்டுக்குக் கொடுப்பதுதான் அந்த வழி. அதில் நான் முதலில் சொல்வது பொம்மைத் தலைப் பதிவுகளை. மனிதத் தலையின் அளவில், செவிமடலோடு செய்த தலையில் இரண்டு காதுக்குள்ளும் மைக் வைத்துப் பதிவு செய்வார்கள். நாய்மன் நிறுவனத்தின் கேயூ 100 இதில் பேர்போனது. இடத்தின் தகவல் முழுதும் பதிவிலேயே இறங்கிவிடுவதால் டேப்லெட் எதையும் கணக்கிட வேண்டியதில்லை. பைனாரல் என்று தேடினால் மழை, தெரு, ரயில் நிலையம், இசைக்குழு ஒத்திகை என்று நிறையக் கிடைக்கும். பிபிசி தன் ப்ராம்ஸ் இசைவிழாக் கச்சேரிகள் சிலவற்றைக்கூட பைனாரலாக இணையத்தில் கொடுத்திருக்கிறது. இரண்டு காதுக்கு இரண்டு தனித்தனி ஒலி என்ற எண்ணம் வானொலியைவிடப் பழையது. 1881-இல் பாரிஸில் நடந்த மின்சாரக் கண்காட்சியில், ஓபரா மேடையின் ஓரம் வரிசையாக டிரான்ஸ்மிட்டர்களை வைத்து, கண்காட்சிக்கு வந்தவர்களின் இரண்டு காதிலும் இரண்டு தொலைபேசி ரிசீவரைக் கொடுத்தார் பிரெஞ்சுப் பொறியாளர் கிளமோன் ஆதேர். பாடகர் மேடையில் நகர்வதை அந்த மக்கள் காதால் உணர்ந்தார்கள். அவர்கள் கையில் இருந்த கருவியோடு பார்த்தால் உங்கள் டேப்லெட் எவ்வளவோ மேல்.

பதிவை எந்த வடிவில் எடுக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். பைனாரலின் உயிர் இரண்டு சேனலுக்கும் இடையிலுள்ள நுண்ணிய வித்தியாசத்தில் இருக்கிறது. கோப்பை மிகச் சிறிதாக்கும் முறைகள் முதலில் கைவைப்பது அதில்தான். எச்இ-ஏஏசி இரண்டாம் பதிப்பு என்ற சுருக்கமுறை, இரண்டு சேனலையும் ஒன்றாக்கி, கூடவே இட வலத்துக்கான தோராயக் குறிப்பை மட்டும் அனுப்புகிறது. குறைந்த பிட்ரேட் எம்பி3 கோப்புகளிலும் மேல் அதிர்வெண்களுக்கு இதுபோன்ற சுருக்கம் நடக்கலாம். முடிந்தால் ஒலியில் எதையும் இழக்காத ஃபிளாக், இல்லையென்றால் 256 கேபிபிஎஸ் ஏஏசி போல நல்ல தரத்தில் எடுங்கள். நெட் வேகம் குறைந்ததும் தரத்தைத் தானாகத் தாழ்த்தும் வீடியோவை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இன்னும் கொஞ்சம் விளையாடிப் பார்க்கும் ஆர்வம் இருந்தால், டேப்லெட்டின் பிரவுசரே ஒரு சோதனைக்கூடம். வெப் ஆடியோ என்ற வசதியில் எச்.ஆர்.டி.எஃப் முறையில் ஒலியை நகர்த்தும் கருவி உள்ளேயே இருக்கிறது. அதை வைத்துச் செய்த மாதிரிப் பக்கங்களில் ஒரு புள்ளியை விரலால் இழுத்தால் ஒலி உங்களைச் சுற்றி நகரும். யூடியூப் 2016 முதல் 360 பாகை வீடியோக்களில் ஆம்பிசோனிக்ஸ் என்ற நான்கு சேனல் ஒலியை ஆதரிக்கிறது. படத்தைத் திருப்பினால் ஒலியும் திரும்பும். விலை குறைந்த பழைய டேப்லெட்டுகள் பலவற்றில் திருப்பத்தை உணரும் கைரோஸ்கோப் கிடையாது. அப்படியானால் டேப்லெட்டைச் சுழற்றுவதற்குப் பதிலாக விரலால் படத்தை இழுங்கள். மேசைக் கணினி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. ஒலி, வீடியோ கோப்புகளை மாற்றித்தரும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளில் சோஃபலைசர் என்ற வடிகட்டி இருக்கிறது. 5.1 அல்லது 7.1 ஒலியுள்ள உங்கள் கோப்பை, நீங்கள் தேர்ந்தெடுக்கும் எச்.ஆர்.டி.எஃப் கோப்பின் வழியே சாதாரண ஸ்டீரியோவாக மாற்றித் தந்துவிடும். அதை டேப்லெட்டில் போட்டுக் கேட்கலாம். ஒரே காட்சியை நாலைந்து பேரின் காது அளவீட்டில் தயார்செய்து, எது உங்களுக்குப் பொருந்துகிறது என்று பார்க்க முடிவது இந்த வழியில்தான். என்னைக் கேட்டால், எந்தப் புதுக் கருவியும் இந்த அளவுக்குக் கற்றுக்கொடுக்காது.

'8டி' பாட்டுக்கு வருகிறேன். அந்த எட்டுக்குத் தொழில்நுட்பத்தில் எந்தப் பொருளும் இல்லை. பெரும்பாலானவை முடிந்துபோன ஸ்டீரியோ பாட்டை எடுத்து, எதிரொலி சேர்த்து, மொத்தமாக வட்டத்தில் சுற்றவிட்டவை. அடையாளம் காண்பது எளிது: பாடகர், தபேலா, வயலின் எல்லாம் ஒரே கட்டியாகச் சேர்ந்து சுற்றினால் அது இந்த வகை. முறையான அட்மாஸ் கலவையில் பாடகர் ஓரிடத்தில் நிற்பார், தாளம் வேறிடத்தில், கோரஸ் பின்னால் அல்லது மேலே என்று தனித்தனி ஒலித்தடங்களிலிருந்து வைத்திருப்பார்கள். சுற்றும் பாட்டில் கொஞ்சம் உண்மையான பைனாரல் துப்புகளும் இருக்கலாம், அதனால் நீங்கள் உணர்ந்தது பொய்யல்ல. ஆனால் அதை வைத்து இந்தத் துறையை எடை போட்டுவிட வேண்டாம்.

இனி, எங்கே கெட்டுப்போகிறது என்பதைப் பார்ப்போம். பழைய கருவிகளில் முயன்று 'ஒன்றுமே தெரியவில்லை' என்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த இடத்தில்தான் சிக்கியிருப்பார்கள் என்பது என் கணிப்பு. முதலில் அணுகல்தன்மை அமைப்புகளில் மோனோ ஆடியோ (இரண்டு காதுக்கும் ஒரே ஒலியை அனுப்பும் வசதி) அணைந்திருக்கிறதா, இட வலச் சமநிலைக் கோடு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது இரட்டைச் செயலாக்கம். பல டேப்லெட்டுகளில் டால்பி, டிடிஎஸ் அல்லது சரவுண்ட் என்ற பெயரில் ஒரு சுவிட்ச் இருக்கும். சாதாரண ஸ்டீரியோவை அகலமாக்க அது உதவலாம். ஆனால் ஏற்கெனவே காதுக்கென்று வடிகட்டிய பைனாரல் ஒலியை அது இன்னொரு முறை வடிகட்டினால் எல்லாத் திசையும் குழம்பிப்போகும். ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணையுங்கள். பிறகு ஜாக். பழைய டேப்லெட்டின் 3.5 மில்லிமீட்டர் துளையில் பஞ்சும் தூசும் சேர்ந்து, பின் முழுதாக இறங்காமல் நிற்பது வழக்கம். தரை இணைப்பு மட்டும் விட்டுப்போனால் என்ன ஆகும் தெரியுமா? இரண்டு ஸ்பீக்கரும் தொடராகி, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் கேட்கும். நடுவில் இருக்கும் பாடகர் குரல் காணாமல் போய், மிச்சமெல்லாம் அகலமாக, பரவலாக ஒலிக்கும். இதையே ஸ்பேஷியல் என்று நம்பிக்கொண்டவர்கள் உண்டு. குரல் மங்கிக் கேட்டால் முதலில் ஜாக்கைச் சந்தேகப்படுங்கள்.

புளூடூத் ஹெட்போனை இரண்டாவதாக முயலுங்கள். இசைக்கான புளூடூத் இணைப்பு இரண்டு சேனலைக் கொண்டுபோகும், நமக்கு அது போதும். எல்லாக் கருவியிலும் இருக்கும் எஸ்பிசி என்ற ஒலிச் சுருக்க முறை நல்ல தரத்தில் 328 கேபிபிஎஸ் வரை போகும். அந்த அளவில் இட உணர்வு பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் ஏதாவது ஒரு செயலி மைக்கைத் திறந்தால் ஹெட்போன் அழைப்பு நிலைக்கு மாறி, குறுகிய தரமுள்ள மோனோவாகிவிடும். திசை மொத்தமும் போச்சு. தாமதத்தைப் பற்றியும் கேட்பார்கள். பழைய புளூடூத்தில் ஒலி 150, 200 மில்லிவினாடி பிந்துவது சகஜம். நிலையான பைனாரல் பதிவுக்கு அதனால் கெடுதல் இல்லை. தலையைப் பின்தொடரும் முறைக்குத்தான் அது எமன். தலை திரும்பி 60, 70 மில்லிவினாடிக்கு மேல் கழித்து ஒலி மாறினால் கவனமாகக் கேட்பவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பழைய ஹெட்போனில் உணரியும் இல்லை, வேகமும் இல்லை. ஆகவே அதை ஒரு செயலியால் சேர்த்துவிடலாம் என்று தேடி அலைய வேண்டாம்.

ஹெட்போன் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. எனக்கு முக்கியமாகப் படுபவை இரண்டு: இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும், 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி மழுங்கியிருக்கக் கூடாது. செவிமடலின் துப்புகள் அங்கேதான் வாழ்கின்றன. பேஸ் மட்டும் இடிக்கும் ஹெட்போனில் இடம் வலம் தெரியும், மேல் கீழ், முன் பின் தெரியாது. காதில் பதியும் மெத்தை தேய்ந்து உரிந்திருந்தால் ஒரு பக்கம் காற்று கசிந்து இரண்டு காதுக்கும் வெவ்வேறு ஒலி போகும். இதைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். மோனோ இரைச்சல் கோப்பு ஒன்றை மெதுவான அளவில் ஒலிக்கவிடுங்கள். அது தலையின் நட்டநடுவில் ஒரு புள்ளியாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டுங்கள். சாய்வும் பக்கம் மாறினால் கோளாறு ஹெட்போனிலோ டேப்லெட்டின் வெளியீட்டிலோ இருக்கிறது. சாய்வு அதே பக்கத்தில் நின்றால் உங்கள் காதாக இருக்கலாம். ஹெட்போனா டேப்லெட்டா என்பது வேறொரு கருவியில் செருகிப் பார்த்தால் பிரிந்துவிடும். மாற்றி மாட்டியும் சாய்வு பக்கம் மாறவே இல்லை என்றால் காதில் அழுக்கு அடைத்திருக்கலாம், கேட்கும் திறனில் வித்தியாசமும் இருக்கலாம். அதைக் காது மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, உட்கார்ந்து கேட்கும் நேரம். அமைதியான அறையில், கண்ணை மூடிக்கொண்டு, சாவிக்கொத்துக் குலுங்குவது, காகிதம் சரசரப்பது போன்ற சத்தங்களில் தொடங்குங்கள். ஒரே சுருதியில் நீளும் ஒலியில் மூளைக்குக் கிடைக்கும் துப்பு குறைவு. பல அதிர்வெண்கள் கலந்து வெடுக்கென்று எழும் ஒலியில் அது அதிகம். முதலில் இடம் வலம், பிறகு அருகே தூரம், பிறகு பின்பக்கம், பிறகு உயரம் என்று போங்கள். எதிரொலி சிறிதும் இல்லாத பதிவுகள் தலைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஓர் அறையின் எதிரொலி கலந்த பதிவுகள் வெளியே வந்து நிற்கும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையும் பதிவான அறையும் ஓரளவு ஒத்திருந்தால் இன்னும் நன்றாக நிற்கும். டேப்லெட்டின் சொந்த ஸ்பீக்கரில் பைனாரலைக் கேட்டு ஏமாற வேண்டாம். இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதுக்கும் போய்விடுவதால் பதிவுக்குள் இருந்த கணக்கு அழிந்துவிடுகிறது. அதோடு பல பழைய டேப்லெட்டுகளில் ஸ்பீக்கரே ஒரு பக்கம்தான்.

முன்னால் இருப்பவர் குரல் ஏன் பின்னால் கேட்டது? இந்தக் குழப்பம் மிகமிகப் பொதுவானது. மேலே சொன்ன மோனோ சோதனையில் ஹெட்போன் தேறிவிட்டால், பழியை அதன்மேல் போட மாட்டேன். அந்தப் பதிவு வேறொரு காதின் மேடுபள்ளங்களோடு வந்தது, உங்கள் மூளை அதை உங்கள் காதின் கணக்கில் படிக்கிறது. இது முதல் காரணம். இரண்டாவது காரணத்தை உளவியலாளர் ஹான்ஸ் வாலக் 1940-இலேயே எழுதிவிட்டார். நிஜ உலகில் முன்னா பின்னா என்று ஐயம் வந்தால் தலையை அறியாமலே சற்றுத் திருப்புகிறோம். வலப்பக்கம் திருப்பும்போது முன்னால் உள்ள ஒலி இடது காதை நோக்கி நகரும், பின்னால் உள்ளது வலது காதை நோக்கி நகரும். ஐயம் அத்தோடு தீர்ந்துவிடும். ஹெட்போனிலோ தலையோடு சேர்ந்து ஒலியும் திரும்புவதால் இந்தச் சோதனை எதையும் தீர்ப்பதில்லை. மூன்றாவது, முன்னால் ஆள் இருந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பின்னால் இருப்பதாக மூளை முடிவு செய்துகொள்கிறது. இந்த மூன்றாவதை உங்கள் டேப்லெட்டே சரிசெய்யும். பேசுகிறவரின் முகம் தெரியும் பைனாரல் வீடியோவை முகத்துக்கு நேராக நிறுத்தி வைத்துப் பாருங்கள். அசையும் உதடு குரலை முன்னால் இழுத்துவரும். பழக்கமும் உதவும். 1998-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சிலரின் காதுக்குள் அச்சு வைத்துச் செவிமடலின் வடிவத்தை மாற்றினார்கள். மேல் கீழ் உணர்வு உடனே குலைந்துபோனது. அச்சோடேயே அன்றாடம் வாழ்ந்தபோது சில வாரங்களில் மூளை புதிய காதைக் கற்றுக்கொண்டது. அச்சை எடுத்ததும் பழைய காதும் உடனே வேலை செய்தது. அவர்கள் நாள் முழுதும் அதோடு இருந்தார்கள். மாலையில் அரைமணி நேரம் ஹெட்போன் மாட்டும் நமக்கு அதே அளவு கிட்டும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே வகைப் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்களுக்குத் திசை கூர்மையாவதைப் பார்த்திருக்கிறேன். வயதோடு மேல் அதிர்வெண் கேட்பது குறைந்திருந்தால் உயரமும் முன் பின்னும் சற்று மங்கலாகவே இருக்கும். அது எந்தக் கருவியாலும் மாறாது.

இதுவரை சொன்னவற்றில் காதின் துப்புகள், இரண்டு சேனல் போதும் என்பது, தலையசைவின் பங்கு ஆகியவை உறுதியானவை. விளம்பரங்கள் உறுதியாகச் சொல்லும் சில விஷயங்களில் நான் அவ்வளவு உறுதியாக இல்லை. காதைப் படமெடுத்து உங்களுக்கேற்ப ஒலியை அமைக்கும் முறையை சோனியும், 2022 முதல் ஆப்பிளும் கொடுக்கின்றன. சிலருக்குப் பளிச்சென்று வித்தியாசம் தெரிகிறது, சிலருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. உங்களுக்கு எப்படி என்பதை முயன்றால்தான் அறியலாம். சாதாரண ஸ்டீரியோ பாட்டை ஸ்பேஷியலாக மாற்றும் வசதி முற்றிலும் ரசனை சார்ந்தது. கலவை செய்தவர் வைத்த இடத்தைக் கலைப்பதால் நான் அதை அணைத்தே வைக்கிறேன். அட்மாஸ் கலவை ஸ்டீரியோ கலவையைவிடச் சிறந்ததா என்பதும் பாட்டுக்குப் பாட்டு மாறும். ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அட்மாஸ் இசையின் சராசரி உரப்பு மைனஸ் 18 எல்.கே.எஃப்.எஸ் (உரப்பை அளக்கும் அலகு) அளவைத் தாண்டக் கூடாது என்பது விதி, ஸ்டீரியோ பாட்டுகள் பெரும்பாலும் அதைவிட உரக்க இருக்கும். வால்யூமைச் சமப்படுத்தாமல் மாற்றி மாற்றிக் கேட்டால், உரக்க ஒலிப்பதுதான் நல்லது என்று காது தீர்ப்பு சொல்லிவிடும்.

செலவு என்று வந்தால், டேப்லெட்டைக் கடைசியில் வையுங்கள். தேய்ந்த மெத்தையை மாற்றுவது முதல் செலவு. அதற்கும் குறை தீரவில்லை என்றால் இரண்டு பக்கமும் சமமாக ஒலிக்கும் ஒயர் ஹெட்போன் ஒன்று. வீட்டில் அமைதி இருந்தால் பின்பக்கம் திறந்த வகை எனக்கு விருப்பம், ஒலி தலைக்கு வெளியே நிற்பதாக அதில் எளிதாகப் படுகிறது. இவ்வளவும் கேட்டுப் பழகிய பிறகும் தலையைத் திருப்பும்போது ஒலி நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்ற ஆசை இருந்தால், அப்போது ஹெட்போனையும் டேப்லெட்டையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். பல நிறுவனங்கள் அந்த வசதியைத் தங்கள் ஹெட்போனும் தங்கள் கருவியும் சேரும்போது மட்டுமே இயக்குகின்றன. வாங்குமுன் அந்த நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்தில் இரண்டு மாடல் எண்ணும், தேவைப்படும் மென்பொருள் பதிப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெட்டியில் ஸ்பேஷியல் என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி எடுக்காதீர்கள்.